ஏரி மரங்களில் நாரை கூடு கட்டியிருக்கிறது: ஆட்கள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலம் பக்கம் உங்கள் ஊர் ஏரியின் நடுவில் நிற்கும் கருவேல மரங்களில் இரண்டு வருடமாக நத்தைக்குத்தி நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. சேதி பரவி ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வருகிறது. சில பையன்கள் ட்ரோன் விடுகிறார்கள். கரையில் நடைபாதை போட்டுப் படகும் விடலாம் என்று ஊரில் பேச்சு அடிபடுகிறது. ஆட்கள் பார்த்துவிட்டுப் போவதால் பறவைக்கு உண்மையில் கெடுதல் உண்டா, எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது, கீழே விழுந்த குஞ்சை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மீட்டர் கணக்கைச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது, ஏரியை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர்களை விரட்டாமல் இதைச் செய்ய முடியுமா என்ற கவலைதான் அதிகம் தெரிந்தது. முடியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் விலங்கியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி என்று ஏரி ஏரியாகப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போய் வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம், மனிதன் பக்கத்தில் இருப்பதாலேயே நீர்ப்பறவை பயந்து ஓடிவிடாது. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெல்லூரில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டுக்குப் பக்கத்துப் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. கீழே மாடு கட்டியிருக்கும், பிள்ளைகள் விளையாடுவார்கள். நம் பக்கத்திலும் வயலில் நடவு நடக்கும்போது பத்தடி தூரத்தில் கொக்கு மேயும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில், தன் பாட்டுக்குப் போகிற ஆளைப் பறவை கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. மாடு ஓட்டிப் போகும் பெரியவரும் மதகு திறக்க வரும் ஆளும் அதற்குப் புதிதல்ல. கூட்டைப் பார்த்தபடி நேராக நடந்து வருகிறவன், நின்று கை நீட்டுகிறவன், தண்ணீரில் இறங்குகிறவன், இவர்கள்தான் ஆபத்து. கரையோடு பக்கவாட்டில் போகிறவரைவிட நேராக நெருங்கி வருகிறவருக்குப் பறவைகள் சீக்கிரம் பறக்கின்றன என்பது பல நாடுகளில் அளந்து பார்த்த விஷயம்.

அப்படிப் பறந்தால் என்ன ஆகும்? பறந்த பறவைக்கு ஒன்றும் ஆகாது. அது திரும்பி வந்துவிடும். நாம் பார்க்க வேண்டியது அது இல்லாத அந்த ஐந்து, பத்து நிமிடங்களைத்தான். ஏரி ஓரத்தில் எப்போதும் காக்கை உட்கார்ந்திருக்கும். தாய்ப்பறவை எழுந்த உடனே அது கூட்டுக்குள் இறங்கிவிடும். ஒரு முட்டையைத் தூக்க அதற்கு அரை நிமிடம் போதும். ஆள் வந்தால் பறவை எழும் என்று பழகிக்கொண்ட காக்கை, ஆள் பின்னாலேயே வருவதையும் பார்த்திருக்கிறேன். அடுத்தது வெயில். பொரிந்து சில நாளே ஆன நாரைக் குஞ்சுக்கு உடல் சூட்டைச் சமாளிக்கத் தெரியாது. தை கடைசியிலும் மாசியிலும் மத்தியான வெயிலில் நாரை இறக்கையை விரித்து நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குடையை நாம் விரட்டிவிட்டால் குஞ்சு வெந்துவிடும். அடைமழை நாளில் இதே கதை குளிரில் நடக்கும். கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகளுக்கு வேறு ஆபத்து. பயந்தால் கொக்குக் குஞ்சும் வக்கா (இரவில் மேயும் கொக்கு இனம்) குஞ்சும் தின்ற மீனைக் கக்கிவிட்டு, கூட்டை விட்டுக் கிளையில் தாவும். இறக்கை முற்றாத குஞ்சு கால் தவறித் தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலும் அதோடு சரி.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. தொடக்க காலத்தில், ஒரு ஏரியில், கூடுகளைச் சரியாக எண்ண வேண்டும் என்ற ஆர்வத்தில் இரண்டு மாணவர்களோடு தெப்பத்தில் ஏறி மரத்தடி வரை போனேன். மொத்தமே கால் மணி நேரம்தான் இருந்திருப்போம். வக்காக் குஞ்சுகள் கிளை கிளையாக ஏறின, மூன்று தண்ணீரில் விழுந்தன. ஒன்றைத்தான் எங்களால் எடுக்க முடிந்தது. திரும்பி வரும்போது பின்னால் காக்கைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் எழுதி வந்த எண்ணிக்கை துல்லியமாக இருந்தது, ஆனால் அதற்காக அந்தக் குஞ்சுகள் செத்திருக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து கரையில் ஒரே இடத்தில் நின்று பைனாகுலரில் எண்ணுகிறேன். சில கூடுகள் விட்டுப்போகும், போகட்டும்.

எல்லா நாளும் ஒரே அளவு ஆபத்து இல்லை என்பது அடுத்த விஷயம். இதைப் புரிந்துகொண்டால் ஊரோடு பேசுவது சுலபமாகிவிடும். நம் பகுதியில் மழையையும் ஏரித் தண்ணீரையும் பொறுத்து, பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கூடு கட்டத் தொடங்கி, மாசி, பங்குனியில் கடைசிக் குஞ்சுகள் பறக்கும். இதில் மிக நுட்பமான காலம் முதல் சில வாரங்கள். ஜோடி சேர்ந்து, மரம் தேர்ந்தெடுத்து, குச்சி சுமந்துகொண்டிருக்கும்போது அந்த மரத்தில் அவை இன்னும் எதையும் முதலீடு செய்திருக்காது. அப்போது தொந்தரவு வந்தால் ஒரு பறவை மட்டும் போகாது, கூட்டமே இடத்தைக் கைவிட்டுவிடும். தீபாவளி சரியாக அந்தச் சமயத்தில்தான் வருகிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதைச் செய்தித்தாளில் ஒரு நெகிழ்ச்சியான சங்கதியாகப் போடுகிறார்கள். உயிரியல் கணக்கிலும் அது மிகச் சரியான முடிவு. முட்டை இட்ட பிறகு பறவை எளிதில் கைவிடாது, ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். அப்போது காக்கையும் வெயிலும்தான் பயம். அதற்குப் பிறகு நாரைக் குஞ்சு பறக்க ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ஆகும். அந்தக் காலத்தில் காணும் பொங்கல் கூட்டம் வரும், பயந்த குஞ்சு விழும். ஆக, வருடம் முழுக்க ஏரியைப் பூட்ட வேண்டியதில்லை. நான்கைந்து மாதம், அதிலும் முதல் ஒன்றரை மாதம் கண்டிப்பாக, மற்ற மாதங்களில் கொஞ்சம் தளர்வாக இருந்தால் போதும்.

இப்போது தூரம். அமெரிக்காவில் புளோரிடாவில் கொக்கு, நாரை வகைகள் சேர்ந்து கூடு கட்டும் இடங்களில் அளந்து, 100 மீட்டர் தள்ளி நின்றால் போதும் என்று 1995-இல் பரிந்துரைத்தார்கள். பல இடங்களில் அந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். நானும் யாராவது கேட்டால் 100 மீட்டர் என்றுதான் முதலில் சொல்வேன். ஆனால் அதை அப்படியே உங்கள் ஏரிக்குச் சட்டமாக்க எனக்கு மனமில்லை. கண்ணி வைத்து மடையான் என்ற குளத்துக் கொக்கைப் பிடிக்கிற ஊரின் கொக்கு 200 மீட்டரிலேயே எழும். யாரும் கல் எறியாத ஊரின் கொக்கு 40 மீட்டரிலும் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஏரிக்கான தூரத்தை நீங்களே ஒரு மாலையில் கண்டுபிடிக்கலாம். வெயில் தணிந்த பிறகு ஒருவர் கரையில் பைனாகுலரோடு உட்காரட்டும். இன்னொருவர் மெதுவாக மரத்தை நோக்கி நடக்கட்டும். பறப்பதற்கு முன்னால் பறவை சொல்லிவிடும்: இறகு கோதுவதை நிறுத்தும், கழுத்து நீளும், தலைகள் ஒரே பக்கம் திரும்பும். முதல் சில கழுத்துகள் நீண்டதுமே நின்றுவிட வேண்டும், ஓர் அடி கூட மேலே போகக் கூடாது. அந்தத் தூரத்தை அளந்து, அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். பருவத்துக்கு ஒரு முறை செய்தால் போதும், அடிக்கடி செய்தால் அதுவே தொந்தரவு. உங்கள் மரங்கள் கரையிலிருந்து 150 மீட்டர் உள்ளே இருந்தால், கரையில் நடக்கிறவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்பதால் பறவை நிம்மதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. முட்டை மேல் அசையாமல் இருக்கும் பென்குயின்களின் இதயத் துடிப்பை அளந்தபோது, ஆள் நெருங்க நெருங்கத் துடிப்பு ஏறியிருக்கிறது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நம் நாரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். ட்ரோன் விஷயமும் சர்ச்சைக்குரியது. 2015-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், பூநாரை போன்ற பறவைகள் பெரும்பாலான முயற்சிகளில் ட்ரோன் நான்கு மீட்டர் வரை வந்தும் கண்டுகொள்ளவில்லை. மேலிருந்து செங்குத்தாக இறங்கியபோதுதான் மிரண்டன. ட்ரோன் விடுகிறவர்கள் இதன் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். அவை கூட்டில் முட்டையோடு இருந்த பறவைகள் அல்ல, ஓட்டியவர்களும் பயிற்சி பெற்ற ஆராய்ச்சியாளர்கள். கூட்டைப் படம் எடுக்கிற பையன் எப்போதும் மேலிருந்துதான் இறக்குவான், ஏனென்றால் கூடு மேலே திறந்திருக்கிறது. பருந்து வருவதும் அதே திசையிலிருந்துதான். அதனால் கூடு கட்டும் காலத்தில் ட்ரோனே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

நடைபாதையை எதிர்க்காதீர்கள், ஒரு பக்கக் கரையோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஏரியைச் சுற்றிப் பாதை போட்டால் பறவைக்கு ஒதுங்க இடம் இல்லாமல் போய்விடும். மரங்களுக்கு நேரே வரும் இடத்தில் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, கண் வைத்துப் பார்க்க ஓட்டை விட்டால் ஐம்பது பேர் நின்றாலும் பறவைக்குத் தெரியாது. பெரிய செலவு இருக்காது. விளக்குக் கம்பம் போட்டால் வெளிச்சம் பாதையில் மட்டும் விழும்படி மூடி வைக்கச் சொல்லுங்கள். படகு மட்டும் கூடாது. முதல் கூடு தொடங்கியதிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும் வரை, மோட்டார் படகும் வேண்டாம், துடுப்புப் படகும் வேண்டாம். மரத்துக் கூடுகளோடு மட்டும் விஷயம் முடியவில்லை. சம்பும் கோரையும் மண்டிய ஓரங்களில் நீலத் தாழைக்கோழி கூடு வைத்திருக்கும். முக்குளிப்பான் தண்ணீரில் மிதக்கும் பாசிக் குவியலில் முட்டையிடும். கூட்டை விட்டுப் போகும்போது அது பாசியை இழுத்து முட்டையை மூடிவிட்டுத்தான் போகும், ஆனால் அதற்குச் சில நொடி அவகாசம் வேண்டும். படகு திடீரென்று வந்தால் முட்டையைத் திறந்து போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். தாமரை இலை மேல் முட்டையிடும் இலைக்கோழிக்குப் படகின் அலை ஒன்றே போதும். இவற்றின் கூடுகளை யாரும் பார்ப்பதில்லை, அழிந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், என் அனுபவத்தில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. பார்க்க வரும் கூட்டத்தைவிட, தண்ணீர் இறங்குவதுதான் நம் ஏரிக் கூடுகளை அதிகம் அழிக்கிறது. நாரை ஏன் தண்ணீருக்கு நடுவில் நிற்கும் கருவேல மரத்தைத் தேடுகிறது? கோட்டைக்கு அகழி மாதிரி அந்தத் தண்ணீர்தான் அதற்கு வேலி. நாய் வராது, கீரி வராது, ஆள் வருவதும் சிரமம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். வாய்க்காலில் வரத்து நின்றுவிடும் அந்தச் சமயத்தில், தாமதமாகத் தொடங்கிய கூடுகளில் குஞ்சு பாதிதான் வளர்ந்திருக்கும். அப்புறம் ஏரியில் இருப்பதுதான் இருப்பு. அதே மாதங்களில்தான் மீன் குத்தகைக்காரர் தண்ணீரை வடித்து மீன் அள்ளப் பார்க்கிறார். மதகைத் திறந்த ஒரு வாரத்தில் மரத்தடி சேறாகும், அடுத்த வாரம் நாய் நடந்து போகும், அதற்கடுத்து விறகுக்கு ஆள் போவார். கரையில் எத்தனை அறிவிப்புப் பலகை வைத்தாலும் இதை ஈடுசெய்ய முடியாது.

அதனால் குத்தகைக்காரரோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள், அவரை வில்லனாக்கிவிட்டுப் பேசப் போகாதீர்கள். நீர்க்காகம் மீன் தின்பது உண்மை. குஞ்சு மீன் விட்ட ஏரியில் நூற்றுக்கணக்கில் நீர்க்காகம் இறங்கினால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும், வெடி போட்டு விரட்டுவார். அந்த வெடிதான் நாரையையும் எழுப்புகிறது. நத்தைக்குத்தி நாரையின் சாப்பாடு முக்கியமாக நத்தை, அவருடைய கெண்டையில் அது கை வைப்பதில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பல பேருக்கு இது தெரியாது. விரல் அளவைத் தாண்டிய பெரிய குஞ்சாக விட்டால் நீர்க்காகத்துக்குப் போகும் சேதம் குறையும். குத்தகைப் பத்திரத்திலேயே, மரங்களைச் சுற்றி வலை போடக் கூடாது, வெடி கூடாது, கடைசிக் குஞ்சு பறக்கும் வரை இத்தனை அடித் தண்ணீர் நிற்க வேண்டும் என்று எழுதி, அதற்கு ஈடாகக் குத்தகைத் தொகையைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நஷ்டத்தை ஒரு ஆள் தலையில் மட்டும் கட்டிவிட்டு, ஊருக்குப் பெருமை வர வேண்டும் என்று நினைப்பது நியாயமில்லை. கருவேல மரங்களை ஏலம் விடும் பேச்சு வந்தாலும், கூடு இருக்கும் மரங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட இப்போதே சொல்லி வையுங்கள். வண்டல் எடுப்பது, தூர்வாருவது எல்லாம் சித்திரை, வைகாசிக்குத் தள்ளிப் போனால் பறவைக்கு இடைஞ்சல் இல்லை.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சரணாலயமாக அறிவிக்காத ஏரியில் நாம் என்ன செய்ய முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். கொல்ல வேண்டும் என்று இல்லை. சரணாலயத்துக்கு வெளியே, ஊராட்சி ஏரியிலும் இது செல்லும். வனச்சரகர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து வைத்தால் பின்னால் உதவும். ஆனால் சட்டத்தைக் கடைசியில் எடுங்கள். அக்டோபர் 2 கிராமசபை நமக்கு வசதியாகக் கூடு கட்டும் பருவத்துக்குச் சற்று முன்னால் வருகிறது. எந்த மாதம் யார் எங்கே போகக் கூடாது, தீபாவளி வெடியை ஏரிக்கரையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியின் வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அங்கேயே தீர்மானமாகப் போடலாம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேடந்தாங்கல் மக்கள், துப்பாக்கியோடு வந்து பறவை சுட்டவர்களைத் தடுக்கச் சொல்லி, அப்போது செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் போய் எழுத்தில் உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏரிப் பாசனத்தில் பயிர் செய்யும் உங்கள் ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் அதையே சொல்லுங்கள், நத்தையையும் வரப்பு நண்டையும் தின்னும் பறவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவர்கள் உடனே தலையாட்டுவார்கள்.

படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரே விதி வையுங்கள்: சிவப்புத் துணியைத் தாண்டக் கூடாது, கூட்டின் இடத்தை வரைபடக் குறியோடு இணையத்தில் போடக் கூடாது. பறவைக் குரலைச் செல்போனில் ஒலிக்க விட்டு வரவழைப்பதையும் அனுமதிக்காதீர்கள்.

கடைசியாக, விழுந்த குஞ்சை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மரம் தண்ணீருக்கு நடுவில் இருந்தால், ஒரு குஞ்சைத் திருப்பி வைக்க ஏறுவதால் இருபது கூடு கலையும், ஏறாதீர்கள். கரையோர மரமாக இருந்து, காயமில்லாத, இறகு முளைத்த குஞ்சாக இருந்தால், தாழ்ந்த கவையில் வைத்துவிட்டு உடனே விலகி விடலாம், தாய் வந்து இரை கொடுக்க வாய்ப்பு உண்டு. தூக்கும்போது முகத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடியுங்கள், கொக்கு இனங்கள் கண்ணைப் பார்த்துத்தான் கொத்தும். துணியால் தலையை மூடினால் அடங்கிவிடும். பாலும் சோறும் பிஸ்கட்டும் கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், நிழலான சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனச்சரகர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் மரங்கள் கரையிலிருந்து எத்தனை மீட்டர், தை மாதக் கடைசியில் மரத்தடியில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது, இந்த இரண்டையும் அளந்து எழுதினால், தட்டியை எங்கே கட்டுவது, மதகில் எந்த மட்டம் வரை தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கேட்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.